எழுதும் கருவி மாறினால் எழுத்தும் மாறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எனக்கொரு சின்னக் கடை. தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்புப் பார்ப்பது, இவைதான் தொழில். கலியாண அழைப்பிதழ், கோயில் மலர், ரியூசன் குறிப்பு, அந்தியேட்டிக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்று எல்லாம் வரும். கல்வெட்டு என்றதும் வெளியூர்க்காரர் கல்லைத் தேடுவார்கள். எங்களிடம் அது இறந்தவர் நினைவாக 31ஆம் நாள் கொடுக்கும் புத்தகம். கல் போய்க் காகிதம் வந்து எவ்வளவோ காலம், பெயர் மட்டும் போகவில்லை. வங்கியில் நீட்டுவது காசோலை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை பக்கத்துப் பிள்ளையிடம் "ஒரு ஒற்றை தா" என்று கேட்பது, சுவடியிலிருந்து உருவிய ஓர் ஏட்டுக்கு இருந்த பெயரில்தான்.

கடைக்கு வருகிறவர்கள் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நானும் ஆளாளுக்கு வேறு வேறு பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறேன். அதனால் இங்கே ஒருமுறை.

கருவியில் என்ன இருக்கிறது? எழுதுகிற ஆள்தானே முக்கியம்?

ஆள் முக்கியம்தான். ஆனால் எந்த எழுத்திலும் கொஞ்சம் வேலை மிச்சம் கிடக்கும். எங்கே மூச்சு விடுவது, இது குறிலா நெடிலா, இந்தச் சொல் எங்கே முடிகிறது என்பதையெல்லாம் யாராவது ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். ஓலைக் காலத்தில் அது வாசிப்பவர் தலையில் இருந்தது. அச்சு வந்ததும் பதிப்பாசிரியர் தலைக்குப் போனது. இப்போது போன் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, நம்மைக் கேட்காமலே முடித்துவிடுகிறது. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்" என்று சொன்னவர்களுக்கு இந்தப் பங்கீடு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஓலையில் புள்ளியே வைக்கவில்லையாமே? பிறகு எப்படி வாசித்தார்கள்?

பெரும்பாலான ஏடுகளில் புள்ளி இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எழுதும் முறையைப் பார்த்தால் அது நம்பக்கூடியதுதான். இடது கையில் ஓலை, வலது கையில் எழுத்தாணி. இடது கைப் பெருவிரல் நகத்தில் சிறு வெட்டு வைத்து, அதில் எழுத்தாணியைத் தாங்கிக்கொண்டு, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீறுவார்கள். கீறியபின் கரியும் எண்ணெயுமாகத் தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். அதாவது எழுதும்போது தான் எழுதுவது அவருக்கே சரியாகத் தெரியாது. இந்த நிலையில் புள்ளிக்கு யார் மெனக்கெடுவார்கள்?

புள்ளி மட்டுமா? எகர ஏகார வேறுபாடு இல்லை, ஒகர ஓகார வேறுபாடு இல்லை. குறில் எ, ஒ மேல் புள்ளி வைக்கச் சொன்னது தொல்காப்பியம். புள்ளியை விட்டபோது அதுவும் போய்விட்டது. எரியும் ஏரியும் ஒன்று, கொடுவும் கோடுவும் ஒன்று. போதாததற்குக் காலும் ரகரமும் ஒரே கோடு. கா என்று எழுதியிருப்பது கர ஆகவும் இருக்கலாம். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது.

இப்படிப்பட்ட ஏட்டைப் புதிதாக வாசிப்பது கடினம், ஏற்கெனவே தெரிந்ததை வாசிப்பது எளிது. பாட்டு காதில் இருந்தால் யாப்பே வழிகாட்டும். குறில் வரவேண்டிய இடத்தில் நெடிலை வாசித்தால் ஓசை இடறும், உடனே பிடிபடும். செய்யுள் அந்தக் கருவிக்கு ஏற்ற வடிவம். கணக்கும் கடிதமும் உரையும் உரைநடையில் இருந்தன என்றாலும், காப்பாற்ற நினைத்ததை, வைத்தியமானாலும் சோதிடமானாலும், பாட்டாகவே கட்டிவைத்தார்கள். அதில் அழகுணர்ச்சி பாதி, தற்காப்பு பாதி என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அச்சு வந்ததும் உடனே எல்லாம் மாறிவிட்டதா?

இல்லை, சாவகாசமாகத்தான். தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் வந்தது, மொத்தம் 16 பக்கம். கொழும்பில் ஒல்லாந்தர் அச்சகம் வைத்தது 1737இல். சிங்களத்தில் முதன்முதல் அச்சானது அங்கேதான், தமிழும் அங்கே அச்சானது. வீரமாமுனிவர் (1680–1747) ஏ, ஓ என்று நெடிலுக்குத் தனி உருவமும் இரட்டைக் கொம்பும் கொடுத்தது அதே நூற்றாண்டில். ஓலையில் இந்தக் குழப்பத்தோடு 1000 ஆண்டு சமாளித்த மொழி, அச்சில் சமாளிக்க முடியாமல் போனதற்குக் காரணம் எளிது. அச்சுப் புத்தகம் முன்பின் தெரியாதவர் கைக்கும் போகும். பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்து "அது எரி இல்லையப்பா, ஏரி" என்று சொல்ல மாட்டார்.

இந்த வேலையை இலங்கையில் கையில் எடுத்தவர் ஆறுமுக நாவலர் (1822–1879). வண்ணார்பண்ணையில் அச்சியந்திரம் வைத்துப் பிள்ளைகளுக்குப் பாலபாடம் போட்டார், பழைய நூல்களைப் பிழைநீக்கிப் பதிப்பித்தார், தமிழ் உரைநடைக்குள் காற்புள்ளி, அரைப்புள்ளி, கேள்விக்குறிகளைக் கொண்டுவந்தார். இன்று நாம் போகிற போக்கில் போடும் கமா, ஒரு காலத்தில் புதுமை. மூச்சு எங்கே விட வேண்டும் என்று எழுதினவரே சொல்லிவிடும் பழக்கம் அது. வாசிப்பவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை குறைந்தது. மௌனமாகவும் வேகமாகவும் வாசிப்பதற்கு வழி திறந்தது இப்படித்தான்.

சி.வை. தாமோதரம்பிள்ளை (1832–1901) 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் ஓரம் உதிர்கிற ஏடுகளோடு பட்ட பாட்டை முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஒரு பதிப்பு வந்ததும் ‘சரியான பாடம்’, அதாவது சரியான வாசகம், என்று ஒன்று ஊருக்கே பொதுவாகிவிட்டது. மற்றப் பாடங்கள் அடிக்குறிப்புக்கு இறங்கிவிட்டன. இதில் லாபம் பெரிது, நட்டமும் உண்டு.

அப்புறம் பத்திரிகை. கொழும்பில் வீரகேசரி 1930இல், தினகரன் 1932இல். நாளைக்குள் பழசாகிவிடும் தமிழ் என்று ஒன்று அப்போதுதான் நம் வீடுகளுக்குள் வழக்கமாக வரத்தொடங்கியது. ஓலையில் யாரும் அப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள், அவ்வளவு பாடுபட்டு.

தட்டச்சுப்பொறி தமிழை என்ன செய்தது?

உடைத்தது. கெட்ட அர்த்தத்தில் சொல்லவில்லை. தமிழுக்கு 247 எழுத்து, பொறியில் இருப்பதோ 40 சொச்சம் விசை, ஒவ்வொன்றிலும் மேலும் கீழுமாக இரண்டு உருவம். சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா இந்தக் கணக்கைத் தீர்த்தவர். கொம்பு ஒரு விசை, கால் ஒரு விசை, புள்ளி ஒரு விசை என்று எழுத்தைத் துண்டுகளாக்கினார்கள். புள்ளி விசையை அடித்தால் வண்டி நகராது. அதனால் முதலில் புள்ளி, அதன் கீழே ம. ‘ம்’ என்பதைத் தலையிலிருந்து அடிக்க வேண்டும். எங்கள் தொழிலில் பழைய ஆட்களுக்கு இந்த வரிசை விரலில் ஏறிப்போனது. புதிய கணினி விசைப்பலகையில் உட்கார்ந்தால் கொம்பை முதலில் தட்டி, திரையில் ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்க, "இதென்ன கோதாரி" என்பார்கள்.

பெயர்ப் பட்டியலில் ‘கௌசல்யா’வைத் தேடினால் இல்லை என்கிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறதே?

என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். ஔகாரத்துக்கு வலப்பக்கம் வரும் துண்டுக்குத் தட்டச்சுப்பொறியில் தனி விசை கிடையாது, ளகரத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். காகிதத்தில் இரண்டும் ஒன்று போலவே இருந்ததால் யாருக்கும் நட்டமில்லை. அந்தப் பழக்கம் கணினிக்கும் வந்துவிட்டது. பட்டியல் தயாரித்தவர் கொம்பு, க, ள என்று தட்டியிருப்பார். நீங்கள் தேடுவது உண்மையான கௌ. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ‘கெளசல்யா’ என்று அவர் தட்டியதை, எழுத்துரு நன்றாக இருந்தால் நீங்களும் நானும் சத்தியமாகக் கண்டுபிடிக்க மாட்டோம்.

ஒருமுறை ஒரு விழா மலரில் 300 பெயர்களை அகரவரிசைப்படுத்தி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு கௌரிகளும் ஒரு சௌந்தரராஜனும் இடம் மாறிக் கிடந்தார்கள். அன்றிலிருந்து எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலை, கொம்பு ள ஜோடியைத் தேடி மாற்றுவது. மாற்றும்போது ‘வெள்ளம்’, ‘கெளுத்தி’ போன்ற சொற்களைக் கெடுத்துவிடாமல் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மொத்தமாக மாற்றும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள்.

அம்மம்மா எழுதிய கடிதத்தை என் மகளால் வாசிக்க முடியவில்லை. அவள் தமிழ்ப் பாடத்தில் கெட்டிக்காரி.

அவளில் பிழையில்லை. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு மேலே தும்பிக்கை போல வளைந்த பழைய உருவம் இருந்தது. றா, ணா, னா ஆகியவற்றுக்கும் கால் தனியாக நிற்காமல் சுழித்து ஒட்டிய உருவம். பெரியார் இதழ்களில் கையாண்ட சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசு 1978இல் ஏற்றது. ஈய எழுத்துக் கோப்பவருக்கும் தட்டச்சருக்கும் அது பெரிய நிம்மதி, வார்க்க வேண்டிய அச்சும் குறைந்தது. கைக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை, அதனால் மூத்தவர்கள் கையெழுத்தில் பழைய உருவம் தொடர்ந்தது. ஒரு மாலை நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள், பத்துப் பன்னிரண்டு உருவம்தான்.

1990களில் தட்டிய கோப்பைத் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது. அழிந்துவிட்டதா?

அழியவில்லை. அது பாமினியாக இருக்கும். இலங்கையில் ஒரு தலைமுறையே அந்த எழுத்துருவில்தான் தட்டியது. அதில் கணினிக்குத் தமிழ் தெரியாது. ‘தமிழ்’ என்று நீங்கள் தட்டியதைக் கணினி ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் சேமித்தது, பாமினி அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வேடம் போட்டது. எழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடுகிறது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடுக்கு மாற்றித்தரும் இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய உண்டு. மாற்றியபின் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள், நடுவில் உண்மையான ஆங்கிலச் சொல் ஏதும் இருந்தால் அதுவும் தமிழாகிக் கிடக்கும்.

யுனிகோட் வந்தபின் எல்லாம் சரிதானே?

தேடலாம், அனுப்பலாம், எங்கும் தெரியும். அதற்கு முன்னால் மற்றக் குறைகள் சில்லறை. ஆனால் சின்ன வேடிக்கை ஒன்று. ‘ம்’ என்று தட்டிவிட்டுப் பின்னழி (backspace) விசையை ஒருமுறை அழுத்துங்கள், ‘ம’ மிஞ்சும். நம் இலக்கணத்தில் மெய்தான் முதல், அகரம் சேர்ந்தால் ம. யுனிகோடில் தலைகீழ்: ம தான் முதல், அதன்மேல் புள்ளி ஏறினால் ம். பிற இந்திய எழுத்துகளுக்கான ஒழுங்கை நமக்கும் போட்டதால் வந்தது. கொழும்பு என்பதைப் பிள்ளை நாலு எழுத்து என்று எண்ணும், கணினி எட்டு என்று எண்ணும்.

இந்த எட்டுக்குக் காசும் கொடுத்தோம். எஸ்எம்எஸ் ஒன்றில் ஆங்கில எழுத்தென்றால் 160 போகும், தமிழென்றால் 70. அந்த எழுபதிலும் கொம்பு, கால், புள்ளி தனித்தனிக் கணக்கு.

வட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்களே, தமிழ் கெடாதா?

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மேலே சொன்ன கணக்கில் பாதிப் பதில் இருக்கிறது. மீதி, அன்றைய போன்களில் தமிழ் எழுத்துருவே இல்லை, கட்டம் கட்டமாகத்தான் வரும். கொழும்பில் இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கில மொழிமூலத்தில் படித்த பிள்ளை வீட்டில் தமிழ் கதைக்கும், எழுத வராது. அந்தப் பிள்ளை அம்மாவுக்குத் தமிழில் செய்தி அனுப்புகிறதென்றால், எந்த எழுத்தானாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு இதில் சுவையான விஷயம் வேறு. கே, ஏ, எல் என்று மூன்று எழுத்து வந்தால் அது கல்லா, காலா, கள்ளா? குறில் நெடில் தெரியாது, லகர ளகரம் தெரியாது. ஆனாலும் யாரும் தடுக்கி விழுவதில்லை, யார் அனுப்பினார், எதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம் என்பது தெரியுமே. ஓலை வாசித்தவர் யாப்பைப் பிடித்துக்கொண்டு செய்ததை நாம் உறவைப் பிடித்துக்கொண்டு செய்கிறோம். அதனால்தான் இது குடும்பக் குழுமத்துக்குள் ஓடும், முன்பின் தெரியாதவருக்கு எழுதும் விண்ணப்பத்தில் ஓடாது. அப்படியொரு விண்ணப்பம் என் கடைக்குத் தட்டச்சுக்கு வந்தது. இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டபின்தான் பாதி புரிந்தது.

நான் ‘ரொறன்ரோ’ என்று தட்டினால் போன் ‘டொராண்டோ’ என்கிறது. எதை விடுவது?

போனை விடுங்கள். சிரிப்புக்குச் சொல்லவில்லை. பரிந்துரைச் சொற்கள், இணையத்தில் எது நிறைய இருக்கிறதோ அதிலிருந்து வருகின்றன. அங்கே நிறைய இருப்பது தமிழ்நாட்டு எழுத்துமுறை. ஆங்கில டகர ஒலியை ரகர றகரத்தால் எழுதும் நம் வழக்கம், ரிக்கற், ரியூசன், ரொறன்ரோ என்பதெல்லாம், இயந்திரத்துக்குப் பிழையாகத் தெரிகிறது. பேனை என்று தட்டினால் பேனா என்கிறது, சில நேரம் பேன் என்கிறது.

கொழும்பு எப்போதும் கலவைதான் என்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தார் ரிக்கற் என்றால் கொட்டாஞ்சேனையில் டிக்கட். மலையகத்தவர், முஸ்லிம்கள், வடக்கு கிழக்கார், இந்தியாவிலிருந்து வந்த வணிகர் எல்லோரும் சேர்ந்து வாசித்த பத்திரிகைகளிலும் இரண்டும் கலந்தே வந்தன. அது ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் வந்த கலவை. இப்போது நடப்பது வேறு: விரல் சோம்பலில் முதல் பரிந்துரையை அமுக்குகிறது, ஆயிரம் பேர் அமுக்க அது இன்னும் மேலே வருகிறது. கல்வெட்டுக்கு எழுதித் தருகிற பேரப்பிள்ளைகள், தாத்தா பேசவே பேசாத சொற்களில் தாத்தாவைப் பற்றி எழுதித் தருகிறார்கள். போனின் தனி அகராதியில் உங்கள் சொற்களைச் சேர்க்க வழி இருக்கிறது. ஒரு மாதம் பிடிவாதமாகத் தட்டினால் அது பழகிக்கொள்ளும்.

தெருப் பெயர்ப்பலகைகளில் தமிழ் ஏன் இப்படி உடைந்து கிடக்கிறது?

பாதிக்கு அசட்டை காரணம், அதற்கு என்னிடம் மருந்தில்லை. மீதி தொழில்நுட்பம். சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் திறந்துவிடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி தனியே விழும். தட்டியவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரிந்தால் உடனே காண்பார். தெரியாதவருக்கு அது வடிவம் மட்டும், வெட்டி ஒட்டிவிட்டுப் போய்விடுவார். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பலகை மென்பொருளில் ஒரு தெரிவைத் திறப்பது அதைவிடச் சின்ன வேலை.

பிள்ளை குறிப்பெடுப்பது டப்பிலா, கொப்பியிலா?

2014இல் முல்லர், ஒப்பன்ஹைமர் இருவரும் செய்த ஆய்வில், மடிக்கணினியில் எடுத்தவர்கள் சொன்னதைச் சொன்னபடி தட்டினார்கள், கருத்தை விளங்கிப் பதில் சொல்லும் கேள்விகளில் பின்தங்கினார்கள். பின்னால் திரும்பச் செய்தவர்களுக்கு அதே அளவு வேறுபாடு கிடைக்கவில்லை. வாசிப்பில் சான்று கொஞ்சம் திடமானது: 54 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்த 2018ஆம் ஆண்டுத் தொகுப்பில், தகவல் கட்டுரைகளை நேரக் கெடுவோடு வாசிக்கும்போது காகிதம் முந்தியது, கதை வாசிப்பில் அப்படி முந்தவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நேரடியான காரணம் இருக்கிறது. ஓ.எல்., ஏ.எல். பரீட்சைகள் இரண்டும் பேனையால் எழுத வேண்டியவை. மூன்று மணி நேரம் எழுதக் கைக்குப் பழக்கம் வேண்டும்.

எந்த விசைப்பலகையைப் பழகுவது?

தினமும் தட்டுபவரென்றால் தமிழ்99. உயிர் ஒருபக்கம், மெய் ஒருபக்கம். அ, ம, ம, ஆ என்று தட்டினால் புள்ளியைத் தானே வைத்து ‘அம்மா’ ஆக்கும். பாமினி விரலில் இருப்பவர் அதே வரிசையில் யுனிகோட் தட்டலாம், மாற வேண்டியதில்லை. எப்போதாவது தட்டுபவருக்கு ஆங்கில ஒலிவழியே போதும். ஒன்று மட்டும்: ஆங்கில எழுத்தில் நினைத்துத் தட்டுகிறவர்களுக்கு ல, ள, ழவும் ந, னவும் அதிகம் வழுக்குகின்றன. மெய்ப்புப் பார்க்கும்போது எந்த விசைப்பலகையில் தட்டியது என்று பிழையை வைத்தே சொல்லிவிடலாம்.

குரலில் சொன்னால் எழுதிவிடுகிறதே, இனித் தட்டச்சு எதற்கு?

நல்ல வசதி, கண் மங்கிய என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படித்தான் முழுக் கட்டுரையும் ‘எழுதி’ அனுப்புகிறார். செய்தி வாசிப்பது போலச் சொன்னால் நன்றாக வருகிறது, வீட்டில் கதைப்பது போலச் சொன்னால் தடுமாறுகிறது. நிறுத்தக்குறி ஒன்றும் இல்லாமல் ஒரே ஓட்டமாக வரும். ஏடு வாசிப்பது போலத்தான் உட்கார்ந்து பிரிக்கிறேன்.

அப்பாவின் கல்வெட்டைப் பிடிஎஃப் ஆக அனுப்பினால் போதாதா? அச்சடிக்க வேண்டுமா?

இரண்டும் செய்யுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. ஒரே இடத்தில் மட்டும் இருப்பது காகிதமானாலும் கோப்பானாலும் ஆபத்து. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், இதழ்கள், கல்வெட்டுகள் எல்லாம் சேர்த்து வைக்கிறார்கள், ஒரு பிரதி அங்கே போகட்டும். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கும் ஒன்று கொடுங்கள். பிடிஎஃப் படமாக இல்லாமல் யுனிகோட் எழுத்தாக இருக்க வேண்டும், அப்போதுதான் அப்பாவின் பெயரைப் பேரப்பிள்ளைகள் தேடினால் வரும். பெயரில் ஔகாரம் இருந்தால், அனுப்பும் முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள்.